நோட்டில் இருந்த கையெழுத்து

நமது கோவிலின் அறைவீட்டுக்குப் பின்புறம் ஒரு பெரிய வேப்பமரம் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதன் நிழலில் நான்கு பழைய ஜீப்புகள் வந்து சேரும். அவற்றுள் ஒன்றின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். திருமண ஓலை வாசிக்கச் சொல்ல வந்த ஒரு குடும்பத்தார், “சாமி எங்கே?” என்று வினவியபோது, கோவில்பிள்ளை வாய் பேசாமல் அந்தக் கால்களைச் சுட்டிக்காட்டினாராம். அவர்கள் முகம் போன போக்கைப் பற்றி இன்றளவும் அவர் சொல்லிச் சிரிக்கிறார்.

குருமடத்தில் நமக்கு மெய்யியல் கற்பித்தார்கள், இறையியல் கற்பித்தார்கள், திருச்சபைச் சட்டமும் கற்பித்தார்கள். ஸ்பேனர் பிடிக்க மட்டும் கற்பிக்கவில்லை. அந்தக் கல்வி ஐம்பது வயதைக் கடந்தபின், இந்த வேப்பமரத்தடியில்தான் நமக்கு வாய்த்தது.

நமது பங்கின் ஜீப் மகிந்திரா எம்.எம். 540 வகையைச் சேர்ந்தது. நகருக்குத் தெற்கே வயல்களின் நடுவே உள்ள கிளைக் கிராமங்களுக்கு மழைக்காலத்திலும் சென்று திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்று, முன்பிருந்த பங்குத்தந்தை ஒருவர் 1990களில் பிடியரிசி தொடங்கிப் பெருந்தொகை நன்கொடைவரை திரட்டி வாங்கிய வண்டி அது. நாம் பொறுப்பேற்றபோது அதற்கு முதுமை வந்துவிட்டிருந்தது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. இதற்கிடையே ஒரு பட்டறையில் வண்டி இரண்டு மாதம் கிடந்து, போகும்போது இல்லாத இரைச்சலோடு திரும்பி வந்தது. பங்குப் பேரவையில் கணக்கு வாசிக்கப்பட்டபோது, “காயலான் கடைக்குப் போட்டுவிடலாம், சாமி” என்றார் ஒருவர். மற்றவர்கள் மறுக்கவில்லை. நாமும் ஏறத்தாழ இசைந்துவிட்டோம்.

அன்று மாலைத் திருப்பலிக்குப் பின் ஒரு பெரியவர் நம்மைத் தேடி வந்தார். புதுச்சேரியில் அவரைப் போன்றோரைச் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சு இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோர்க்கு இங்கு வழங்கும் பெயர் அது. 1962இல் இவ்வூர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பித் தெரிந்துகொண்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. இராணுவத்தில் அவர் ஓட்டியது பெஜோ பி4 என்னும் நான்கு சக்கர உந்து வண்டி. அவர் நமது ஜீப்பின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார்; எஞ்சினின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார்; பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“சாமி, இது நம்ம ஊர் எஞ்சின்!”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. எம்.எம். 540இல் உள்ள டீசல் எஞ்சின் பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் பெயர் எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 90 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். கொள்ளளவு 2,112 கன சென்டிமீட்டர். இதே அளவுள்ள டீசல் எஞ்சினைப் பெஜோ தனது 504 காரிலும் வைத்திருந்தது. வண்டியின் மற்றப் பகுதிகளோ அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை. 1940இல் அமெரிக்க இராணுவம் கேட்டதன் பேரில் உருவாகி, உலகப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட அந்தச் சிறு வண்டியின் முன்மூடியைப் பீடமாக்கி இராணுவக் குருக்கள் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள் என்பது நமது வாசகர்களில் பலர் படத்தில் கண்டதாக இருக்கும். 1947 முதல் மகிந்திரா நிறுவனத்தார் அதனைப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர்.

இதனால் விளைந்த சங்கடம் ஒன்று உண்டு. எஞ்சினில் உள்ள போல்ட்டுகள் மில்லிமீட்டர் கணக்கு. அச்சிலும் சட்டத்திலும் உள்ளவை அங்குலக் கணக்கு. ஒரே வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனர் வேண்டும். பதின்மூன்று மில்லிமீட்டரும் அரை அங்குலமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றில் மாட்டித் திருகினால் முனை மழுங்கி, பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி. அந்தப் பட்டறையில் நமது வண்டிக்கு நேர்ந்தது இதுவே என்று பெரியவர் கண்டறிந்தார். பாதி பிரான்சு, பாதி வேறு நாடு என்றிருக்கும் ஒரு பொருளை எப்படிக் கையாள்வது என்பதைப் புதுச்சேரிக்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

அவரிடமும் ஒரு ஜீப் இருந்தது. பழைய வில்லிஸ் மரபுப் பெட்ரோல் வண்டி. கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த மீனவ அன்பர் ஒருவர், வலையையும் மோட்டாரையும் மணலில் இழுத்துச் செல்ல ஒரு ஜீப் வைத்திருந்தார். அவர் நமது பங்கினர் அல்லர், இந்துச் சகோதரர். நான்காமவர், மறைந்த கணவரின் எம்.எம். 540ஐ விற்க மனமின்றி வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்த ஓர் ஆசிரியை. ‘டீச்சரம்மா’ என்றே எல்லோரும் அழைப்பார்கள். நால்வரும் சேர்ந்தால் ஒருவர் வாங்கிய கருவி நால்வருக்கும் ஆகும், ஒருவர் பட்ட பாடு மூவருக்கு மிச்சம் என்று பெரியவர் சொன்ன கணக்கில் தொடங்கியதே இந்தச் சனிக்கிழமைக் கூட்டம்.

முதலில் ஞாயிறு பிற்பகலில்தான் கூடினோம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1998இல் ஆண்டவருடைய நாளைப் பற்றி எழுதிய திருத்தூது மடலை ஒரு ஞாயிறு காலையில் மறையுரையில் விளக்கினோம். மாலையில் முழங்கை வரை கிரீசுடன் நின்றோம். டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை; பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த வாரமே கூட்டம் சனிக்கிழமைக்கு மாறிற்று.

மாதம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில் பழைய அங்குல ஸ்பேனர்களைப் பேரம் பேசி வாங்கினோம். இங்கே அகப்படாத உதிரிப்பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் டீச்சரம்மா எழுதிவைப்பார். வேலை செய்த நாள், செய்த வேலை, செய்தவர் கையெழுத்து, கடைசிக் கட்டத்தில் ‘பார்த்தவர்’ கையெழுத்து. இந்தக் கடைசிக் கட்டம் பெரியவரின் ஏற்பாடு. செய்தவனுடைய கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பது இராணுவத்தில் அவர் கற்ற பாடம்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவை எளியவை என்பதை அறிந்தபோது நமக்கு வியப்பாகவே இருந்தது. அச்சுத் தண்டின் இணைப்புகளிலும் ஸ்பிரிங் பட்டைகளின் முனைகளிலும் உள்ள நிப்பிள்களுக்குக் காலம் தவறாமல் கிரீஸ் ஏற்றினாலே வண்டியின் ஆயுள் நீளும். டீசல் குழாயில் காற்று புகுந்து எஞ்சின் எழ மறுத்தால், வடிகட்டியின் தலையில் உள்ள திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை மெல்ல அமுக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிட வேண்டும். இதனை நம்முள் முதலில் கற்றுக்கொண்டவர் டீச்சரம்மாதான். காலைக் குளிரில் எஞ்சின் முனகினால் நான்கு ஹீட்டர் பிளக்குகளில் எது செத்தது என்று பாட்டரியும் ஒரு துண்டு வயரும் கொண்டு சோதிப்பதும் அவர் வேலை. நமது ஊரின் தனிப்பகை உப்புக்காற்று. கடற்கரைக்குப் போய்வந்த வண்டியின் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் தகரம் அப்பளம்போல் உதிரும். கழற்றிய பழைய எண்ணெயை ஒரு சொட்டும் மரத்தடியில் ஊற்றக் கூடாது, டின்னில் சேர்த்து எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் டீச்சரம்மாவின் சட்டமே. 2015இல் வெளிவந்த ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலை வாசித்து அவர் இச்சட்டத்தை இயற்றினாரா, வேப்பமரத்தின் மீது கொண்ட பரிவினாலா என்று நாம் கேட்டதில்லை.

பிழைகளும் நேர்ந்தன. டீச்சரம்மாவின் மகன் கல்லூரி மாணவன், வலுவான உடம்பு. பெரியவரின் வில்லிஸில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டு கழலவில்லை என்று ஸ்பேனர் மீது ஏறி நின்று மிதித்தான். போல்ட்டே முறிந்தது. பழைய வில்லிஸ் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை எதிர்ப்புறமாக இருக்கும். மற்ற நட்டுகளை இறுக்குவதுபோல் வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் அவை கழலும். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. “எழுதிக் கையெழுத்துப் போடு” என்றார். அவனும், ‘போல்ட்டு ஒன்றை முறித்தேன்’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டான்.

இத்தகைய கூட்டுழைப்பு நமது கண்டுபிடிப்பு அன்று. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சன் என்னும் சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்பூவுக்கு ஏறும் பாதையில், ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் விட்டுச்சென்ற லேண்ட் ரோவர்கள் எழுபது ஆண்டு கடந்தும் ஓடி வந்தன. அவற்றின் உரிமையாளர்கள் சிங்கலீலா லேண்ட் ரோவர் உரிமையாளர் நலச் சங்கம் என்று ஒன்றுகூடியிருக்கிறார்கள். கிடைக்காத பாகங்களைத் தாங்களே செய்தும், சில வண்டிகளில் மகிந்திரா எஞ்சினையே பொருத்தியும் அவர்கள் அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. இடைவழியில் வண்டி நின்றால் பின்னால் வருபவர் இறங்கி உதவியே ஆக வேண்டும்; நாளை அவர் வண்டி நிற்கும்.

திருச்சபையிலும் வண்டிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் உண்டு. ஓட்டோ ஃபூர்மான் என்ற மறைபரப்புக் குரு 1925இல் ஆப்பிரிக்காவில் நோயுற்று, விரைந்து கொண்டுசெல்ல ஊர்தி இல்லாமையால் இறந்தார். அவருடைய நண்பரும் அமலமரித் தியாகிகள் சபைக் குருவுமான பவுல் ஷுல்டே, விமானம் ஓட்டத் தெரிந்தவர், 1927இல் ஜெர்மனியில் ‘மீவா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். மறைபரப்பு நாடுகளுக்கு ஊர்திகள் வாங்கித் தருவதே அதன் பணி. ஆஸ்திரியாவில் அவ்வமைப்பினர் ஆண்டுதோறும் ஜூலையில், புனித கிறிஸ்டோபரின் திருநாளையொட்டி ஒரு காணிக்கை எடுக்கிறார்கள். விபத்தின்றி ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சிறு காசின் பகுதி. இதை முதன்முதல் அறிந்தபோது நல்லதோர் உபாயம் என்று மட்டும் எண்ணினோம். 2024 டிசம்பருக்குப் பிறகு அந்தக் காணிக்கையை அவ்வளவு எளிதாக எண்ண முடியவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள், சனிக்கிழமை. மறுநாள் கிறிஸ்து அரசர் பெருவிழா. பவனிக்கான தோரண வேலைக்கு எல்லோரும் கோவில் முன்புறம் போய்விட்டார்கள். பெரியவர் காய்ச்சலில் இருந்தார். நமது வண்டியின் பின் இடச் சக்கரத்தில் பிரேக் சிலிண்டருக்குப் புது ரப்பர் போடும் வேலை பாதியில் நின்றது. இதற்குள் நாம் தேர்ந்துவிட்டோம் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டிருந்தது. தனியாகவே முடித்துவிடலாம் என்று தொடங்கினோம். குழாயின் நட்டைக் கையால் பூட்டி, ஸ்பேனரை மாட்டியபோது, நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தது. கை கழுவி, புறப்பட்டுப் போய், ஒன்றரை மணி நேரங்கழித்துத் திரும்பி, சக்கரத்தை மாட்டினோம். பெடலை மிதித்துப் பார்த்தோம், கெட்டியாக நின்றது. நோட்டில் ‘பின் இடது பிரேக், முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம். ‘பார்த்தவர்’ கட்டம் வெறுமையாக இருந்தது. யாரிடமாவது அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஃபெஞ்சல் புயல் 30ஆம் நாள் இரவு நமது ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. திருவருகைக் கால முதல் ஞாயிறன்று கோவிலுக்கு வர இயன்றவர்கள் சிலரே. அடுத்த நாள், டிசம்பர் 2, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியே வந்து பாகூர்க் கொம்யூன் ஊர்களைச் சூழ்ந்தது. ரொட்டி, பால்மாவு, பாய் இவற்றை ஏற்றிக்கொண்டு நமது ஜீப் புறப்பட்டது. ஓட்டியவன் மீனவ அன்பரின் மகன். பின்னால் இளைஞர் ஐவர், முன்னால் நாம்.

ஓரிடத்தில் பாதை ஒரு கரையிலிருந்து சரிவாக இறங்குகிறது. கீழே முழங்கால் அளவுத் தண்ணீரில், மாடு ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒரு குடும்பம் நடந்து வந்தது. இரண்டு குழந்தைகள் முன்னே. தம்பி பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரை போயிற்று. நமது வண்டியில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே தொட்டி. ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கும் கைவிட்டுவிடும். அவன் கத்தவில்லை. கியரை இறக்கி, சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்து, கரைச் சேற்றில் வண்டியை முட்ட விட்டான். அந்தக் குழந்தைகளுக்கும் நமக்கும் இடையே ஒரு கட்டில் போடும் தூரம் இருந்திருக்கும். அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். சேற்றில் விளையாடுகிறோம் என்று எண்ணினார்கள் போலும்.

“தண்ணி ஏறிடுச்சு சாமி, டிரம் நனைஞ்சா பிரேக் பிடிக்காது” என்றான் தம்பி. எல்லோரும் அப்படியே கூறினார்கள். வெள்ளத்தில் நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது என்பது மெய்தான். நாமும் நம்பினோம். மாலையில் ஒரு டிராக்டரின் பின்னால் கட்டி வண்டியை வீடு சேர்த்தோம். வெள்ளத்தில் பிரேக் நனைந்தது என்று நோட்டிலும் எழுதிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை இரவு, உறக்கம் வராமல், விளக்கை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் அந்தச் சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் தகட்டின் உட்புறம் முழுவதும் எண்ணெய். குழாயின் நட்டை விரலால் தொட்டோம். விரலுக்கே திரும்பிற்று.

ஸ்பேனர் பக்கத்தில்தான் இருந்தது. அரைச் சுற்று இறுக்கினால் போதும்; நனைந்த பிரேக் நனைந்த பிரேக்காகவே இருந்துவிடும். பிறரும் அதையே நம்பினார்கள். பல ஆண்டுகளாக ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து, இதைவிடச் சிறிய காரியங்களைச் சொல்ல நாவெழாமல் தவித்தவர்களுக்குத் துணிவு கூறியிருக்கிறோம். அந்த மரத்தடியில் நமக்குத் துணிவு கூற ஆளில்லை. நட்டைத் தொடாமல் அப்படியே விட்டு, சக்கரத்தைச் சாய்த்துவைத்துவிட்டுப் போய்ப் படுத்தோம். விடியும் வரை அந்தக் குழந்தைகளின் சிரிப்பே கண்முன் நின்றது.

சனிக்கிழமை எல்லோரும் வந்தபின் அந்த நட்டைக் காட்டினோம். விரலால் திருப்பியும் காட்டினோம். நோட்டைப் பிரித்து வெள்ளம் பற்றி எழுதியதை அடித்து, ‘நட்டை இறுக்காமல் விட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம். டீச்சரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் பேசியவன் வண்டியை ஓட்டிய தம்பிதான்.

“வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் தொட்டியத் தொறந்து பாக்க வேண்டியது என் வேலை சாமி. பாக்கல. அதையும் எழுதுங்க.”

அதையும் எழுதினோம், அவனும் கையெழுத்திட்டான்.

பெரியவர் வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் படுத்துவிட்டது தன் பிழை என்று சொல்லப்போகிறாரோ என்று அஞ்சினோம். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. “மணி அஞ்சாகுது. ஜாக்கிய எடுங்க” என்றார்.

அன்றுமுதல் சில ஒழுங்குகள் வந்தன. பிரேக் வேலையை ஒருவர் தனியே தொடலாகாது. ‘பார்த்தவர்’ கையெழுத்து இல்லாத வண்டியின் சாவி டீச்சரம்மாவின் பையில் இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையக் கூடாது. இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டி நமது கைக்கு அப்பாற்பட்டது, அது பட்டறைக்கே போகும். பட்டறைக்காரர்களைப் பற்றி முன்போல் நாம் பழித்துப் பேசுவதும் இல்லை.

திமிர்வாதக்காரனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்ச்சியைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். நால்வரில் ஒருவன் கயிற்றைத் தளரவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதுவரை எண்ணியதில்லை. கப்பர்நாகுமில் அந்தக் கூரையை மறுநாள் யார் வேய்ந்தார்கள் என்பதையும் நற்செய்தி சொல்லவில்லை. நால்வரும் ஏணியோடு திரும்பி வந்திருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

வண்டியைக் காயலான் கடைக்குப் போடும் பேச்சைப் பேரவையில் இப்போது எவரும் எடுப்பதில்லை. மரத்தடியில் அடுத்த வேலை மீனவ அன்பரின் வண்டிக்கு முன் ஸ்பிரிங் பட்டை மாற்றுவது. செய்பவர் நாம், பார்ப்பவன் தம்பி.